தகரக் கூரைக்கு ஏற்ற சூரிய விளக்கு வருமா?

பதுளையிலிருந்து பசறை வழியாக நமுனுகுலைக்கு ஏறும் பாதையில் ஒருமுறையாவது பயணம் செய்தவர்களுக்கு அந்த மலையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஒன்பது சிகரங்கள் என்று பொருள்படும் பெயரைத் தாங்கி, ஏறத்தாழ 2,036 மீற்றர் உயரத்தில் நிற்கும் மலை அது. காலையில் பெண்கள் கொழுந்து பறிக்க மலையேறும்போது வெயில் சுள்ளென்று அடிக்கும். பகல் சாப்பாட்டுக்கு அவர்கள் இறங்கி வருவதற்குள் மூடுபனி வந்து லயங்களையும் கடைத்தெருவையும் சேர்த்து மூடிவிடும்.

அந்தக் கடைத்தெருவுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு சிறிய வீட்டில் வாழும் சகோதரி ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

"ராத்தா, கூரையில சோலார் போட ஆள் ஒருத்தர் வந்து பார்த்தார். மரமெல்லாம் உக்கிப் போச்சு, பாரம் தாங்காது எண்டு சொல்லிட்டுப் போயிட்டார். இப்ப பிளாஸ்டிக்கில, பாய் மாதிரி சுருட்டி வைக்கிற சோலார் வருதாம். மகள் எங்கேயோ வாசிச்சிட்டுச் சொல்றா. அது வரும் வரைக்கும் பொறுத்திருக்கட்டுமா, இல்லாட்டி கையில இருக்கிற காசுக்கு இப்பவே சின்னதா ஒண்டு வாங்கட்டுமா?"

நல்ல கேள்வி. வீட்டுச் செலவைக் கணக்குப் பார்த்து நடத்தும் பெண்தான் இப்படிக் கேட்பாள். இதற்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. பிளாஸ்டிக் எப்படி மின்சாரத்தைத் தரும், அந்த ஆராய்ச்சி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, இன்னும் எது குறை என்பதையெல்லாம் தெரிந்துகொண்டால்தான் காசை எதில் போடலாம் என்று தீர்மானிக்கலாம்.

விளக்கு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

'கரண்ட்தான் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டதே, இனி சூரிய விளக்கு எதற்கு?' என்று சில சகோதரிகள் நினைக்கலாம். 2022ஆம் ஆண்டை நாம் மறந்துவிடவில்லை. அந்த ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அடுத்த சில நாட்களில் றமழான் நோன்பு தொடங்கியது. எரிவாயுவுக்கும் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்கும் நீண்ட வரிசை. ஸஹருக்கு எழுந்து இருட்டில் அடுப்பைத் தேடிய அந்த நாட்கள் எந்த வீட்டுப் பெண்ணுக்கும் இலகுவில் மறக்காது.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி வந்தபோது மலைநாட்டின் கதை இன்னும் கொடியதாக இருந்தது. பதுளை மாவட்டத்தில் மலைச்சரிவுகள் வீடுகளைப் புதைத்தன. பாதைகள் அறுந்தன, மின்சாரம் நின்றது. கைத்தொலைபேசியில் 'சார்ஜ்' தீர்ந்துபோனதால், பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூட விசாரிக்க முடியாமல் தவித்த தாய்மார் எத்தனை பேர்! அப்படிப்பட்ட வேளையில் ஒரு சிறிய விளக்கும், தொலைபேசிக்கு உயிரூட்டும் ஒரு சிறிய சூரியத் தகடும் உயிரைக் காக்கும் பொருள்களாகிவிடுகின்றன.

கரண்ட் இல்லாத வீட்டில் எரியும் குப்பி லாம்பும் ஆபத்தில்லாதது அல்ல. காலியான போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட விளக்குகள் சரிந்து விழுந்து, இலங்கையில் எத்தனையோ பெண்களும் குழந்தைகளும் தீக்காயம் அடைந்தார்கள். அவர்களுக்குச் சிகிச்சை அளித்து மனம் நொந்த சத்திர சிகிச்சை நிபுணர் டாக்டர் விஜய கொடகும்புர, எளிதில் உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையாகவும், குட்டையாகவும், கனமாகவும், திருகி மூடும் உலோக மூடியோடும் ஒரு பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். அதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. நல்ல விளக்கு இல்லாத குறையை முதலில் அனுபவிப்பது சமையலறையில் நிற்கும் பெண்ணும், பக்கத்தில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையும்தான் என்பதை அவருடைய முயற்சி நமக்கு உணர்த்துகிறது.

ஊவாவின் பழைய அனுபவம்

சூரிய விளக்கு ஊவா மக்களுக்குப் புதிதல்ல. உலக வங்கியின் உதவியோடு 1997 முதல் 2002 வரை நடந்த திட்டமொன்றில், மின்கம்பி எட்டாத கிராமத்து வீடுகளுக்கு 20,000க்கு மேற்பட்ட சிறிய சூரிய விளக்குத் தொகுதிகள் பொருத்தப்பட்டன. அதன் தொடர்ச்சியாக 2011 வரை நடந்த திட்டத்தில் இந்தத் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டியது. சர்வோதயத்தின் கடன் பிரிவு தவணைக்குக் கடன் கொடுத்தது. ஊவா மாகாண சபையும் மானியம் வழங்கியது. நான்கைந்து மின்குமிழ், ஒரு வானொலி, ஒரு சிறிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி என்று பல வீடுகளில் முதல் வெளிச்சம் அப்படித்தான் வந்தது.

அந்த அனுபவம் இரண்டு பாடங்களைத் தந்தது. முதலாவது, தகடு நீண்ட காலம் உழைத்தாலும் பெற்றரி சில ஆண்டுகளில் செத்துவிடும். புதிய பெற்றரிக்குக் காசு சேர்த்து வைக்காத வீட்டில் மறுபடியும் குப்பி லாம்புதான். இரண்டாவது, கண்ணாடித் தகடு கனமானது. சிறிய தகட்டைக் கம்பத்தில் கட்டிவிடலாம். ஆனால், இன்று வீடுகளில் பொருத்தப்படும் 400 வாற்றுத் தகடு ஒன்று 20 கிலோவுக்கு மேல் நிறையுள்ளது. நல்ல ஓட்டுக் கூரையோ கொங்கிறீற்றுத் தட்டோ உள்ளவர்களுக்கு அது பிரச்சினையில்லை. துருப்பிடித்த தகரமும் உக்கிய மரமும் உள்ள லயத்துக் கூரைக்கு அது பெரும் பாரம். நம் சகோதரியின் கூரையைப் பார்த்தவர் திரும்பிப் போனதும் அதனால்தான்.

கண்ணாடி இல்லாமல், கனம் இல்லாமல், துணிபோல் மெல்லியதாக ஒரு சூரியத் தகடு கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அந்தக் கனவுக்குத்தான் விஞ்ஞானிகள் பிளாஸ்டிக்கை நாடினார்கள்.

பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடுமா?

நம் வீட்டு மின்கம்பியை உற்றுப் பாருங்கள். உள்ளே செம்பு, வெளியே பிளாஸ்டிக் உறை. மின்சாரம் நம்மைத் தாக்காமல் காப்பது அந்த உறைதான். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்றுதான் நாம் பாடசாலையில் படித்தோம். அப்படியிருக்க, அதே இனத்தைச் சேர்ந்த ஒரு பொருளில் மின்சாரம் ஓடுவது எப்படி?

பிளாஸ்டிக் என்பது பல்பகுதியம். ஒரே மாதிரியான சின்னஞ்சிறு மணிகளைக் கோத்த நீண்ட மாலை என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள். மணிகள் பெரும்பாலும் காபன் அணுக்களால் ஆனவை. சாதாரண பிளாஸ்டிக்கில் ஒவ்வோர் இலத்திரனும் தன் இடத்திலேயே கட்டுண்டு கிடக்கும். ஆனால் சில மாலைகளில் காபன் அணுக்கள் ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு என மாறி மாறி இணைந்திருக்கும். அத்தகைய மாலையில் இலத்திரன்கள் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு நகர வழி உண்டு.

வழி இருந்தால் மட்டும் போதாது. பசறையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்படும் மாலை நேர பஸ்ஸை எண்ணிப் பாருங்கள். நெரிசலில் முன்னால் நிற்பவர் பின்னால் போக முடியாது, பின்னால் நிற்பவர் முன்னால் வர முடியாது. இரண்டு பேர் இறங்கினால்தான் மற்றவர்கள் ஒவ்வொருவராக நகரலாம். இந்தப் பல்பகுதியத்திலும் அப்படித்தான். அயடீன் போன்ற ஒரு பொருளைச் சேர்த்துச் சில இலத்திரன்களை வெளியே எடுத்துவிட்டால், மிஞ்சியவை ஓடத் தொடங்குகின்றன. ஓடும் இலத்திரன்தான் மின்சாரம்.

ஒரு தவறும் ஒரு கோப்பைத் தேநீரும்

இந்தக் கண்டுபிடிப்பின் கதை சுவையானது. 1967இல் ஜப்பானின் டோக்கியோ தொழில்நுட்ப நிறுவனத்தில் ஹிதெகி ஷிரகாவா என்ற விஞ்ஞானியின் ஆய்வுகூடத்தில் ஒரு தவறு நடந்தது. பொலிஅசற்றிலீன் என்னும் பொருளைத் தயாரிக்கும்போது, அங்கு வந்திருந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் ஊக்கியை ஆயிரம் மடங்கு அதிகமாகப் போட்டுவிட்டார். கறுப்புத் தூள் வர வேண்டிய இடத்தில் வெள்ளி போல் பளபளக்கும் மெல்லிய தாள் வந்தது. கறியில் உப்புக் கூடிவிட்டால் நாம் கொட்டிவிடுவோம். ஷிரகாவா கொட்டவில்லை. இது ஏன் இப்படி வந்தது என்று ஆராய்ந்தார்.

சில ஆண்டுகள் கழித்து, நியூஸிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அலன் மக்டியார்மிட் டோக்கியோவுக்கு வந்து ஓர் உரை நிகழ்த்தினார். உரை முடிந்து பச்சைத் தேநீர் அருந்தும் வேளையில் அவர் தன்னிடமிருந்த தங்க நிறப் பொருளொன்றைக் காட்ட, ஷிரகாவா தன் வெள்ளி நிறத் தாளைக் காட்டினார். தேயிலை மலையில் வாழும் நமக்கு இந்தச் செய்தி தனி மகிழ்ச்சி தருகிறதல்லவா? ஷிரகாவாவை மக்டியார்மிட் அமெரிக்காவுக்கு அழைத்தார். பௌதிகவியலாளர் அலன் ஹீகரும் சேர்ந்துகொண்டார். 1976 நவம்பரில் அந்தத் தாளில் புரோமீன் ஆவியைச் சேர்த்துப் பார்த்தபோது, அதன் மின்கடத்தும் திறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது! 1977இல் உலகுக்கு அறிவித்தார்கள். 2000ஆம் ஆண்டில் மூவருக்கும் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

மின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்டிக் நாம் அறியாமலேயே நம்மிடையே புழங்கியிருக்கிறது. பழைய புகைப்படச் சுருள்களில் நிலைமின் தீப்பொறி படாமல் காக்க இத்தகைய ஒரு பூச்சு பூசப்பட்டது. இன்றைய விலை கூடிய கைத்தொலைபேசிகளின் திரை ஒளிர்வதும் இதற்கு உறவுமுறையான காபன் சேர்வைகளால்தான். அங்கே மின்சாரம் ஒளியாகிறது. அதைத் திருப்பிப் போட்டால், ஒளி மின்சாரமாக வேண்டும் அல்லவா? சூரியக் கலத்தில் நடப்பது அதுவே.

பிட்டு அவிக்கும் பக்குவம்

சிலிக்கன் தகட்டில் வெயில் பட்டதும் இலத்திரன் விடுபட்டு ஓடிவிடும். பிளாஸ்டிக்கில் அது அவ்வளவு இலகுவல்ல. ஒளி பட்டதும் இலத்திரன் எழும்பினாலும், தான் விட்டுவந்த வெற்றிடத்தோடு சோடியாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சோடி ஏறத்தாழ 10 நனோமீற்றர் தூரம்தான் நகரும். ஒரு தலைமுடியின் தடிப்பை எட்டாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவு தூரம். அதற்குள் இலத்திரனை இழுத்துக்கொள்ளும் இன்னொரு பொருளைச் சந்திக்காவிட்டால், எழும்பிய இலத்திரன் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். வெயிலும் வீண்.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழியைப் பிட்டு அவிக்கும் பெண்களுக்கு விளக்குவது மிக இலகு. குழலில் ஒரு படை மாவு, ஒரு படை தேங்காய்ப்பூ என்று போட்டால் இரண்டும் சந்திப்பது எல்லைக் கோட்டில் மட்டும்தான். 1986இல் சிங் டாங் என்பவர் அமெரிக்காவின் கொடாக் நிறுவனத்தில் இப்படித்தான் இரண்டு படைகளை வைத்துச் சேதனச் சூரியக் கலம் செய்தார். வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் மின்சாரமாக வந்தது.

தேங்காய்ப்பூவை மாவோடு சேர்த்துப் பிசைந்துவிட்டால்? எங்கே தொட்டாலும் மாவுக்குப் பக்கத்தில் தேங்காய்ப்பூ இருக்கும். துருக்கியின் கொன்யா நகரில் பிறந்த நியாஸி ஸெர்தார் ஸாரிச்சிஃப்ட்சி, ஹீகரோடு சேர்ந்து 1992இல் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். ஒளி பட்ட பல்பகுதியம், 60 காபன் அணுக்கள் பந்து போல் இணைந்த ஒரு பொருளுக்கு மின்னல் வேகத்தில் இலத்திரனைக் கொடுத்துவிடுகிறது என்பதே அது. 1995இல் ஹீகரின் குழுவும், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் குழுவும் இரண்டு பொருள்களைப் பிசைந்து கலந்த கலங்களைச் செய்து காட்டின. அன்றிலிருந்து இத்துறை வேகமாக வளர்ந்தது.

2019இல் சீனாவைச் சேர்ந்த சோ யிங்பிங் என்ற பெண் விஞ்ஞானியின் குழு, பந்து போன்ற அந்தப் பொருளுக்குப் பதிலாகப் புதிய சேர்வையொன்றை உருவாக்கிப் பல்பகுதியத்தோடு கலந்து, திறனை 15.7 சதவீதமாக்கியது. இன்று ஆய்வுகூடங்களில் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டார்கள். கடையில் விற்கும் சிலிக்கன் தகடுகளின் திறனும் ஏறத்தாழ இதே அளவுதான்.

கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும்

'இதெல்லாம் வெள்ளைக்காரர் வேலை' என்று நாம் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் பேராசிரியர் கிரித்தி தென்னகோனும் அவருடைய குழுவினரும், பூக்களுக்கு நிறம் கொடுக்கும் சயனிடின் என்னும் சாயத்தைப் பயன்படுத்தி, திரவம் எதுவும் சேராத சூரியக் கலம் ஒன்றை 1995இல் செய்தார்கள். பல்பகுதியத்துக்கு அது நேரடிச் சொந்தமல்ல. பக்கத்து வீடு என்று சொல்லலாம். விலை கூடிய சிலிக்கன் இல்லாமல், சாதாரணப் பொருள்களில் வெயிலைப் பிடிக்கும் முயற்சிக்கு நம் நாட்டிலிருந்து போன பங்கு அது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறையைச் சேர்ந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி ரவிராஜன் பணியாற்றுவது நேராக இந்தப் பல்பகுதியங்களில்தான். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜெனி நெல்சன் என்ற பெண் பேராசிரியர் முதலானோரோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வுகள் 2004 முதல் சர்வதேச ஆய்விதழ்களில் வெளிவந்தன. சுவருக்கு அடிக்கும் வெள்ளை மையிலும் பற்பசையிலும் சேர்க்கும் தைத்தேனியம் ஒட்சைட்டு என்னும் வெண்பொடியை நுண்துளைகள் கொண்ட படையாக்கி, அந்தத் துளைகளுக்குள் ஒளியை உறிஞ்சும் பல்பகுதியத்தை நிரப்புவது அவருடைய வழி. தொடக்கத்தில் அந்தக் கலங்களின் திறன் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஆனாலும் அவர் கைவிடவில்லை. அந்த ஆராய்ச்சியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து, அங்கே மாணவ மாணவியர் கைகளில் ஒப்படைத்தார்.

யாழ்ப்பாணம் இருளை அறிந்த ஊர். போர்க்காலத்தில் 1990களில் தேசிய மின்வழங்கல் அறுந்துபோய், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் வாழ்ந்த மண். அந்த மண்ணிலே தமிழ் மொழி பேசும் பிள்ளைகள் இன்று பல்பகுதியத்தைக் கண்ணாடியில் பூசி வெயிலைப் பிடிக்கிறார்கள் என்பது பதுளையில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் தெம்பு தரும் செய்தி.

நம் மலைக்கு இதில் என்ன நன்மை?

முதல் நன்மை, கனமின்மை. சிலிக்கனை உருக்க 1,400 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். அதைக் காக்கக் கண்ணாடியும் வேண்டும். பல்பகுதியத்தை மையாகக் கரைத்து, பத்திரிகை அச்சடிப்பது போல் பிளாஸ்டிக் தாளில் அச்சடிக்கலாம். வேலை செய்யும் படை சிலிக்கன் தகட்டின் படையைவிட ஆயிரம் மடங்கு மெல்லியது. இத்தகைய தாளை உக்கிய மரமுள்ள கூரையும் தாங்கும். சுவரிலும் ஒட்டலாம்.

இரண்டாவது நன்மை, மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் குணம். வெளிச்சம் குறைந்த இடத்திலும், அறைக்குள் எரியும் மின்குமிழின் ஒளியிலும்கூட இந்தக் கலங்கள் தங்கள் திறனை நன்றாகக் காத்துக்கொள்கின்றன. பனி மூடும் மலைக்கு இது நல்ல குணம். ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. பனி வெயிலை மறைத்தால் எந்தத் தகட்டுக்கும் கிடைக்கும் ஆற்றல் குறையத்தான் செய்யும். பத்துப் படி நெல்லில் நன்றாகக் குற்றுபவள் ஐந்து படி அரிசி எடுக்கலாம். இரண்டு படி நெல்லைக் கொடுத்துவிட்டு அவளிடம் ஐந்து படி அரிசி கேட்க முடியாது.

கடைக்கு ஏன் இன்னும் வரவில்லை?

இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். 20 சதவீதம் என்று கேட்டதும் பூரித்துவிடக் கூடாது. அந்தக் கணக்கு எடுக்கப்பட்டது பெரும்பாலும் விரல் நகத்திலும் சிறிய கலத்தில். அதையே கதவளவு அகலத்தில் அச்சடித்தால் திறன் குறைகிறது. எங்காவது ஓர் இடத்தில் படை மெலிந்தாலோ, தூசி ஒன்று விழுந்தாலோ அந்தப் பகுதி கெட்டுவிடுகிறது.

அதைவிடப் பெரிய குறை ஆயுள். எந்த வெயிலைப் பிடிக்க இதைச் செய்கிறார்களோ அந்த வெயிலே இதன் பகை. வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வாளி நாளடைவில் வெளுத்து, தொட்டால் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறோமே, அதே வினைதான் இங்கும். அதோடு காற்றிலுள்ள ஒட்சிசனும் ஈரமும் உள்ளே புகுந்து பல்பகுதியத்தைக் கெடுக்கின்றன. பிட்டு போல் பிசைந்து வைத்த இரண்டு பொருள்களும் வெப்பத்தில் மெல்ல மெல்லப் பிரிந்து தனித்தனிக் கட்டிகளாகவும் ஆகிவிடுகின்றன. சிலிக்கன் தகட்டுக்கு வழக்கமாக 25 ஆண்டு உத்தரவாதம் கொடுக்கிறார்கள். பல்பகுதியத் தாளுக்கு அப்படி நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல இன்னும் காலம் கனியவில்லை. மழையும் பனியும் மாறி மாறி வரும் நமுனுகுல போன்ற இடத்தில் ஈரம்தான் முதல் எதிரி.

நோபல் பரிசு பெற்ற ஹீகரே பங்கெடுத்து 2001இல் அமெரிக்காவில் தொடங்கிய கொனார்க்கா என்ற நிறுவனம், சுருட்டக்கூடிய சூரியத் தாளைச் செய்து விற்றது. பெருந்தொகை முதலீடு கிடைத்தும் 2012இல் அது வங்குரோத்தானது. அதே ஆண்டுகளில் சிலிக்கன் தகடுகளின் விலை மளமளவென்று விழுந்ததும் ஒரு காரணம். பொருள் அதிசயமாக இருந்தால் மட்டும் போதாது. விலையும் உழைப்பும் சேர்ந்து வர வேண்டும் என்பதைச் சந்தை கற்றுக் கொடுத்தது.

இன்னுமொரு எச்சரிக்கை. கடைகளில் வளையக்கூடிய தகடு என்று விற்பவற்றில் பெரும்பாலானவை பல்பகுதியம் அல்ல. மெல்லிய சிலிக்கனைப் பிளாஸ்டிக்கில் ஒட்டியவை. கனம் குறைவு என்பது உண்மை. ஆனால் கண்ணாடித் தகட்டின் ஆயுளை அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. 'நோபல் பரிசு பெற்ற பிளாஸ்டிக்' என்று யாராவது விற்க வந்தால், எத்தனை ஆண்டு உத்தரவாதம், எழுத்தில் தருவீர்களா என்று கேளுங்கள்.

அப்படியானால் என்ன செய்வது?

நம் சகோதரிக்கு நான் சொன்ன பதில் இதுதான். பொறுத்திருக்க வேண்டாம். உங்கள் தேவை இன்றைய தேவை; அதற்கு இன்றைய சிலிக்கனே போதும். கூரையில் ஏற்றவும் வேண்டாம். 40 வாற்றுத் தகடு ஒன்றை முற்றத்தில் ஒரு கம்பத்தில், மரநிழல் விழாத இடத்தில் கட்டிவிடலாம்.

கணக்கையும் போட்டுப் பார்த்தோம். நல்ல வெயில் நான்கு மணித்தியாலம் கிடைத்தால் 40 வாற்றுத் தகடு 160 வாற்று மணி தரும். வழியில் இழப்பதைக் கழித்தால் 110 அளவில் மிஞ்சும். 5 வாற்று மின்குமிழ் மூன்றை ஐந்து மணித்தியாலம் எரிக்க 75 போதும். மிச்சத்தில் இரண்டு கைத்தொலைபேசிகளுக்குச் சார்ஜ் ஏற்றலாம். பனி மூடிய நாட்களில் ஒரு விளக்கோடு சிக்கனமாக இருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டி, சோறு ஆக்கும் மின்சட்டி, கேத்தல் ஆகியவற்றை இதில் போடவே முடியாது. கேத்தல் ஒன்றுக்கே 2,000 வாற்று வேண்டும்.

வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, பெற்றரி எந்த வகை, எத்தனை ஆண்டு உழைக்கும். இப்போது வரும் லித்தியம் இரும்பு பொசுபேற்றுப் பெற்றரிகள் பழைய ஈயப் பெற்றரிகளைவிட நீண்ட காலம் உழைக்கின்றன. இரண்டு, பெற்றரி பழுதானால் புதிதாக வாங்கப் பதுளையிலோ பண்டாரவளையிலோ கிடைக்குமா. மூன்றாவது கேள்வி, கூரை முழுவதும் பெரிய தகடுகள் போட்டு மின்சாரத்தை விற்க எண்ணும் வசதியுள்ள சகோதரிகளுக்கு: 'கரண்ட் போனால் இது எரியுமா?' பெற்றரி இல்லாமல் மின்கம்பியோடு இணைத்த தொகுதி, கம்பியில் கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பியில் ஏறி வேலை செய்பவரை மின்சாரம் தாக்கிவிடாமல் இருக்கவே அப்படி வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் இலட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு, மின்வெட்டின்போது மெழுகுவர்த்தி தேடுகிறவர்களும் உண்டு.

மகளுக்கு ஒரு சொல்

இத்தனையும் பேசி முடித்தபோது அந்தச் சகோதரியின் மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதினொராம் ஆண்டு படிக்கிறாள். "அப்ப பிளாஸ்டிக் சோலார் வரவே வராதா?" என்று கேட்டாள்.

வரும். ஈரம் புகாத உறை, வெயிலில் வெளுக்காத பல்பகுதியம், வெப்பத்தில் பிரியாத கலவை ஆகிய மூன்று முடிச்சுகளையும் யாராவது அவிழ்த்தால் வரும். அந்த யாராவது ஏன் நம் பிள்ளைகளில் ஒருத்தியாக இருக்கக் கூடாது? பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. இல்லாதது, மலைநாட்டுத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கப் போதிய ஆசிரியர்கள். இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லை என்பதற்காகவே கலைப் பிரிவுக்குப் போகும் கெட்டிக்காரப் பெண் பிள்ளைகள் நம் மத்தியில் நிறைய இருக்கிறார்கள். பாடசாலைக் கூட்டங்களுக்குப் போகும் தாய்மார் மதில் கட்டுவது, வர்ணம் பூசுவது பற்றிப் பேசுவதோடு நின்றுவிடாமல், விஞ்ஞான ஆசிரியர் எப்போது வருவார் என்றும் உரத்துக் கேட்க வேண்டும்.

நான் விடைபெறும்போது பனி இறங்கத் தொடங்கிவிட்டது. சகோதரி முற்றத்தில் கம்பம் நடும் இடத்தை அளந்துகொண்டிருந்தார். மகளோ, நான் எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதத்தில் 'பல்பகுதியம்' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, அதைத் தன் விஞ்ஞானப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.